தி டெவில் இன்சைட் (2012): பேய் பிடித்தவள் யார் என்றே சொல்லாத பேய்ப்படம்

இரவுக்காட்சி | வெள்ளி, இரவு 11.52

இந்தப் படத்தை வெளிவந்த வருடமே பார்த்துவிட்டு எரிச்சலோடு மறந்திருந்தேன். நேற்று மறுபடியும் பார்த்தேன். பேய் பிடிக்கிற கதைகள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். பிடித்த வகை என்பதால்தான் இப்படி வீணடிக்கும்போது மனசு ஆறவில்லை. அதனால் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1989-இல் அமெரிக்காவில் மரியா ரோஸி என்ற பெண், தனக்குப் பேயோட்ட வந்த மூன்று பேரைக் கொன்றுவிடுகிறாள். மனநலம் சரியில்லாத நிலையில் செய்த கொலை என்று நீதிமன்றம் அவளைத் தண்டிக்காமல் விடுகிறது. பிறகு அவளை ரோம் நகரில் ஒரு மனநல மருத்துவமனைக்கு மாற்றுகிறார்கள். இருபது வருடம் கழித்து மகள் இசபெல்லா, ஆவணப்படம் எடுக்கிற ஒருவனோடு ரோமுக்குப் போகிறாள். பேயோட்டுதல் பற்றிய ஒரு வகுப்பில் பென், டேவிட் என்ற இரண்டு பாதிரியார்கள் அறிமுகமாகிறார்கள். இருவரும் திருச்சபையின் அனுமதி இல்லாமல் ரகசியமாகப் பேயோட்டுகிறவர்கள். எல்லாமே கையில் தூக்கிய கேமராவில் பதிவான காட்சிகளாக வருகின்றன.

இந்த வகையில் பத்துப் படம் பார்த்தவர் அடுத்த காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஒரு கட்டில், கட்டிப்போட்ட கைகால், பெண்ணின் வாயிலிருந்து ஆண்குரலில் வசவு. பாதிரியார் யாருக்கும் சொல்லாத ஒரு பாவத்தைப் பேய் போட்டு உடைக்கும். லத்தீன் மந்திரம் சத்தம் ஏற ஏற முதுகு வில்லாக வளையும். கடைசியில் பேய் ஓட்ட வந்தவர் மேலேயே ஏறும். தி டெவில் இன்சைட் இதில் ஒன்றைக்கூட விடவில்லை.

வாய்ப்பாடு இருப்பது எனக்குப் பிரச்சினை இல்லை. என் ஆதங்கம் வேறு. மரியா ரோஸி யார்? 1989-க்கு முன்னால் எப்படிப்பட்ட அம்மா? மகளுக்குத் தலை வாரிவிட்டாளா, திட்டினாளா, வேலைக்குப் போனாளா? நமக்கு ஒன்றும் தெரியாது. இருபது வருடம் பார்க்காத அம்மாவும் மகளும் ஒரு அறையில் எதிரெதிரே உட்காருகிறார்கள். எவ்வளவு பெரிய காட்சியாக வந்திருக்க வேண்டும்! அம்மா கீழுதட்டை இழுத்து உள்பக்கம் கீறிவைத்த சிலுவையைக் காட்டுகிறாள். மகள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்க நமக்கு நேரமே தரவில்லை. நடுவில் ரோசா என்று ஒரு பெண். அவளுடைய உடல் முறுக்கிக்கொள்வதை நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறார்கள். அவள் என்ன படித்தாள், எதற்குச் சிரிப்பாள், எதற்கு அழுவாள் என்று ஒரு வரி கிடையாது.

யாரைப் பிடித்திருக்கிறது என்றே தெரியாதபோது, பிடித்ததில் எனக்கு என்ன பதற்றம் வரும்?

முடிவு இன்னும் மோசம். ஓடுகிற காரில் பேய் ஆள் மாறி ஆள் ஏறி, கார் மோதுகிறது. திரை இருட்டுகிறது. ரோஸி வழக்கு இன்னும் தீரவில்லை, மேல்விவரங்களுக்கு இந்த இணையதளத்தைப் பாருங்கள் என்று ஒரு முகவரி வருகிறது. அவ்வளவுதான். காசு கொடுத்து உள்ளே வந்தவரிடம் மிச்சக் கதையை வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள் என்கிறார்கள்.

நீங்கள் எல்லாரும் என்ன நினைக்கிறீர்கள்?

கடைசிவரிசை | வெள்ளி, இரவு 12.20

நண்பரே, கோபம் புரிகிறது. ஆனால் தயாரிப்பாளர் பக்கம் நின்று ஒரு கணக்குப் பாருங்கள். சுமார் 10 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம். 2012 ஜனவரி 6-ஆம் தேதி வெளியாகி, அந்த வாரக் கடைசியிலேயே அமெரிக்காவில் 3 கோடியே 37 லட்சம் டாலர் வசூல். உலகம் முழுக்கச் சேர்த்து 10 கோடியைத் தாண்டியது. அதே படத்துக்குத்தான் தியேட்டர் வாசலில் ரசிகர்களிடம் மதிப்பெண் வாங்குகிற சினிமாஸ்கோரில் 'எஃப்' என்ற கடைசிப் படி கிடைத்தது. அடுத்த வாரம் வசூல் நாலில் ஒரு பங்காகச் சரிந்தது.

ரசிகர்கள் அடுத்த வாரமே கைகழுவிவிட்டார்கள், ஆனால் போட்ட காசு அதற்கு முன்பே பல மடங்காகத் திரும்பிவிட்டது. முதல் மூன்று நாள் கூட்டத்துக்கு டிரெய்லர் போதும், கதாபாத்திரம் தேவையில்லை. இந்த வாய்ப்பாடு சாகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

பழையகேசட் | சனி, காலை 7.05

எல்லாவற்றுக்கும் மூலம் 1973 டிசம்பரில் வந்த தி எக்ஸார்சிஸ்ட். வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கியது, வில்லியம் பீட்டர் பிளாட்டி தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதியது. பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தால் இரவுக்காட்சி கேட்டதற்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அது இரண்டு மணி நேரப் படம். இரண்டு பாதிரியார்களும் சேர்ந்து பேயோட்டுவது கடைசி அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதுவரைக்கும் என்ன நடக்கிறது? ஒரு அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைகிறாள். நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்று மாத்திரை தருகிறார்கள். மூளையில் பழுது இருக்கலாம் என்று படம் எடுக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கழுத்தில் ஊசி குத்தி ரத்தக்குழாயைப் படமெடுக்கிற காட்சி இருக்கிறதே, எனக்கு அந்தப் படத்திலேயே பார்க்கச் சகிக்காத இடம் அதுதான். அங்கே பேய் இல்லை, இயந்திரங்கள் தடதடக்கின்றன, குழந்தை வலியில் துடிக்கிறது, அம்மா ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறாள்.

பேயோட்டிப் பார்க்கலாமே என்ற யோசனையை முதலில் சொல்வதும் டாக்டர்கள்தான். தனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று அவள் நம்புவதால், ஓட்டிவிட்டார்கள் என்று நம்பினாலும் குணமாகலாம் என்கிற கணக்கு. பாதிரியார் கராஸ் ஒரு மனநல மருத்துவர். அவர்தான் கடைசிவரை நம்ப மறுக்கிறார். குழாய்த் தண்ணீரைப் புனித நீர் என்று சொல்லித் தெளிக்கிறார், பேய் துடிக்கிறது. பேய் பொய் சொல்கிறது என்று அர்த்தமா, அல்லது பேயே இல்லையா? அவர் திண்டாடுகிறார், நாமும் கூடவே திண்டாடுகிறோம்.

கராஸுக்கும் ஒரு அம்மா உண்டு. அவளைப் பொது மருத்துவமனையில் மனநோயாளிகளோடு விட வேண்டிவருகிறது, பிறகு அவள் தனியாகச் செத்துப்போகிறாள். அந்தக் குற்ற உணர்வை நாம் முன்பே கூட இருந்து பார்த்திருக்கிறோம். அதனால்தான் பேய் அவர் அம்மா குரலில் பேசும்போது வயிறு பிசைகிறது. தி டெவில் இன்சைட்டில் மரியா, மகள் செய்துகொண்ட கருக்கலைப்பை இழுத்துப் பேசுகிறாள். அதே உத்திதான். ஆனால் அந்த நிமிடம் வரை அது மகளுக்குள் எப்படிக் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. அதனால் வெறும் தகவலாகப் போய்விடுகிறது.

நகலெடுத்தவர்கள் கட்டிலையும் வாந்தியையும் லத்தீனையும் எடுத்துக்கொண்டு, சந்தேகத்தையும் அலைச்சலையும் விட்டுவிட்டார்கள்.

இரவுக்காட்சி | சனி, காலை 9.30

குழாய்த் தண்ணீர் காட்சியை மறந்தே போனேன். நன்றி ஐயா. தி டெவில் இன்சைட்டில் வகுப்பறைக் காட்சி ஒன்று இருக்கிறது, இது மனநோயா பேயா என்று மாணவர்கள் வாதிடுவார்கள். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். சந்தேகத்துக்கு ஒரு கதவு திறந்தது போல இருந்தது. அடுத்த காட்சியிலேயே மூடிவிட்டார்கள்.

தென்கரை | சனி, மதியம் 1.15

நான் கத்தோலிக்கக் குடும்பம். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "உங்க சர்ச்சுல இப்படியெல்லாம் நடக்குமா" என்று கேட்காத நண்பர்கள் இல்லை. அதனால் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன்.

சடங்கு உண்மையில் உண்டு. அதற்கான ரோமன் சடங்கு நூல் 1614-இல் வந்தது. அதில் பேயோட்டும் பகுதி கிட்டத்தட்ட நாலு நூற்றாண்டு அப்படியே இருந்து, 1999-இல்தான் புதுப்பித்த வடிவம் வெளியானது. பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்பது அந்தப் பழைய நூலே முதலில் சொல்கிற எச்சரிக்கை. அதன் பிறகுதான் அடையாளங்களைச் சொல்கிறது. கற்காத மொழியில் பேசுவது, தூரத்தில் நடப்பதையும் மறைந்திருப்பதையும் அறிவது, வயதுக்கும் உடலுக்கும் மீறிய பலம் காட்டுவது. படிக்கும்போது எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. எல்லாப் படங்களும் இந்த மூன்றையும் வரிசையாகக் காட்சியாக்கிவிட்டு, முதல் எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டன.

திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் விதிப்படி, அந்தப் பகுதி ஆயரின் (பிஷப்பின்) வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் இந்தச் சடங்கைச் செய்யக் கூடாது. அனுமதியும் பக்தி, அறிவு, விவேகம் உள்ள ஒருவருக்குத்தான் தர வேண்டும். மருத்துவர்களின் கருத்தைக் கேட்கவும் வலியுறுத்துகிறார்கள். ரோமில் ரெஜினா அப்போஸ்தலோரும் என்ற கல்விநிலையத்தில் இதைப் பற்றிய வகுப்பும் உண்மையாகவே நடக்கிறது. படத்தில் வருகிற வகுப்பு முழுக்கக் கற்பனை இல்லை.

அனுமதி இல்லாமல் செய்கிற பாதிரியார்கள் என்பது நல்ல கதைக்கரு என்றே சொல்வேன். ஏன் செய்கிறார்கள்? மேலிடம் மறுத்துவிட்ட ஒரு குடும்பத்தைக் கைவிட மனமில்லாமலா? தங்கள்மேல் உள்ள கர்வத்தாலா? டேவிட் ஒரு ஞானஸ்நானத்தில் குழந்தையைத் தண்ணீரில் அமுக்கப் போகிற காட்சி வருகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஞானஸ்நானம் எல்லாம் கண்முன் வந்து எனக்குக் கை நடுங்கியது. அந்த மனிதரோடு இன்னும் பத்து நிமிடம் இருக்க விட்டிருந்தால் எப்படிப்பட்ட படமாகியிருக்கும்! பேய் அடுத்தவருக்குத் தாவ வேண்டும் என்பதால் அவசரமாக அவரை முடித்துவிட்டார்கள்.

மருந்துச்சீட்டு | சனி, மாலை 6.40

நரம்பியல் வார்டில் செவிலியராகப் பதினோரு வருடம் வேலை பார்க்கிறேன். பேய்ப்படம் பார்ப்பேன், ஆனால் பேய் பிடித்த காட்சி வந்தால் என் கண் தானாகவே நோயாளியைப் பார்ப்பது போலத்தான் பார்க்கும்.

வலிப்பு என்றால் கைகால் வெட்டி இழுப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மூளையின் பக்கவாட்டு மடலில் தொடங்குகிற வலிப்பு வேறு மாதிரி. திடீரென்று இல்லாத நாற்றம் வரும். காரணமில்லாத பயம் வயிற்றிலிருந்து மேலே ஏறும். முன்பே நடந்தது மறுபடி நடப்பதாகத் தோன்றும். சிலருக்குக் குரல் கேட்கும். வெறித்துப் பார்த்தபடி உதட்டைச் சப்புக்கொட்டுவார்கள், கூப்பிட்டால் பதில் வராது. பக்கத்தில் நிற்பவருக்கு "வேற யாரோ உள்ளே இருக்காங்க" என்று தோன்றுவதில் வியப்பில்லை.

இன்னொரு நோய், 2007-இல்தான் மருத்துவ உலகம் அதற்குப் பெயர் வைத்தது. என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான மூளை அழற்சி. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது. இளம்பெண்களுக்கு அதிகம். சிலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டியில் அது தொடங்குகிறது. நேற்றுவரை கல்லூரிக்குப் போய்வந்த பெண் சில நாட்களுக்குள் தூங்க மாட்டாள், கத்துவாள், முகமும் வாயும் கோணிக் கோணி அசையும், பிறகு பேச்சே நின்றுவிடும். நேரத்தோடு கண்டுபிடித்து, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற சிகிச்சை கொடுத்து, கட்டி இருந்தால் எடுத்துவிட்டால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஆகும். ஆனால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள், நான் பார்த்திருக்கிறேன். 2007-க்கு முன்னால் இப்படி வந்தவர்களுக்கு என்ன பெயர் கொடுத்து எங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

அந்த வில்லாக வளைகிற முதுகும் சினிமாவில் தொடங்கியதில்லை. பாரிஸில் சல்பேத்ரியே மருத்துவமனையில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன் பெண் நோயாளிகளைப் புகைப்படம் எடுக்கச் செய்தார். தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் பட, உடல் வளைவாக எழுந்து நிற்கிற நிலை அந்தத் தொகுப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. 1887-இல் அவரும் அவரோடு வேலை பார்த்த ரிஷே என்ற மருத்துவரும் சேர்ந்து, பழைய ஓவியங்களில் உள்ள பேய் பிடித்தவர்களைத் தங்கள் நோயாளிகளோடு ஒப்பிட்டு ஒரு புத்தகமே போட்டார்கள். அந்தப் படங்களில் உள்ள பெண்களுக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு. பார்ப்பவர்களுக்கு வளைவு மட்டும்தான் கண்ணில் பட்டது. ரோசாவைப் பற்றி இரவுக்காட்சி எழுதியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

கடைசிவரிசை | சனி, இரவு 8.10

சரி, நான் கொஞ்சம் படத்தின் பக்கம் பேசுகிறேன். எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் சரியாக இருக்காது.

ரோசா காட்சியில் வருகிற வளைவுகள் பெரும்பாலும் கணினி வேலை இல்லை. போனி மோர்கன் என்ற உடல்வளைப்புக் கலைஞர் தன் உடம்பை அப்படி மடக்குகிறார். அது பல வருட உழைப்பு. அந்தச் சில நிமிடங்களில் எனக்கு உண்மையாகவே மூச்சு நின்றது. மரியாவாக நடித்த சூசன் க்ரவுலியும் நன்றாகச் செய்திருக்கிறார். குரல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது முகத் தசை முழுக்க மாறுகிறது. படம் மோசம் என்பதற்காக இவர்கள் உழைப்பையும் சேர்த்துத் தள்ளிவிட வேண்டாம்.

அப்புறம், வாய்ப்பாடு என்பதே குற்றமில்லை. தெருக்கூத்தில் கதை தெரியாதவர் யார்? அடுத்து என்ன வரும் என்று தெரிந்தேதான் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். தெரிந்த கதையில் ஆடுகிறவர் என்ன புதிதாகக் கொண்டுவருகிறார் என்பதுதான் சுவை. இதே கையடக்கக் கேமரா பாணியில், இதே சின்ன பட்ஜெட்டில், 2010-இல் தி லாஸ்ட் எக்ஸார்சிசம் வந்தது. அதில் பாதிரியாருக்கே பேயில் நம்பிக்கை கிடையாது. சிலுவையிலிருந்து புகை வரவைக்கிற தந்திரத்தையெல்லாம் கேமரா முன்னால் அவரே விளக்கிக் காட்டுகிறார். "நம்புகிறவருக்கு இது நிம்மதி தருது, அதனால செய்றேன்" என்கிற ரகம். அந்த மனிதர் ஒரு பண்ணை வீட்டில் உண்மையாகவே துன்பப்படுகிற பெண்ணைப் பார்த்து, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாடுபடுகிறார். வாய்ப்பாடு அதேதான். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் யார் என்று எனக்குத் தெரிந்தது.

ஒலிப்பெட்டி | ஞாயிறு, காலை 10.25

ஒலிக்கலவை வேலை செய்கிறவன். சத்தத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

தி எக்ஸார்சிஸ்ட் ஆஸ்கருக்குப் பத்துப் பரிந்துரை பெற்றது. திகில் படம் ஒன்று சிறந்த படத்துக்கான பட்டியலில் நுழைந்தது அதுதான் முதல் முறை. கடைசியில் கிடைத்த இரண்டு விருதுகளில் ஒன்று தழுவல் திரைக்கதைக்கு, மற்றொன்று ஒலிக்கு. பேயின் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. பச்சை முட்டையை விழுங்கி, சிகரெட் பிடித்து, குடித்துத் தொண்டையை அப்படியாக்கிக்கொண்டார். முதலில் படத்தில் அவருடைய பெயரே போடவில்லை, போராடித்தான் வாங்கினார். தலை திரும்புகிற சத்தத்துக்கு ஒரு பழைய தோல் பர்ஸை மைக் முன்னால் முறுக்கினார்கள். படுக்கையறை செட்டைக் குளிர்சாதனம் வைத்து உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனதால், நடிகர்கள் வாயிலிருந்து வருகிற ஆவியும் உண்மையானது.

இவ்வளவு செய்துவிட்டு, பல இடங்களை நிசப்தமாக விட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் காட்சியில் இசையே கிடையாது. பழையகேசட் சொன்ன அந்தத் தடதடப்பு மட்டும்தான். இப்போது வருகிற படங்களில் கதவு திறந்தால் ஒரு இடி, கண் திறந்தால் ஒரு இடி. சத்தம் காதில் அறைவதால் உடம்பு அதிர்கிறது. அது அனிச்சைச் செயல். பட்டாசு வெடித்தாலும் அதே அதிர்ச்சி வரும். பயம் என்பது சத்தத்துக்கு முன்னால் உள்ள காத்திருப்பு. காத்திருக்க வேண்டுமானால், அந்த அறையில் இருக்கிற ஆள்மேல் எனக்கு அக்கறை வந்திருக்க வேண்டும்.

மழைக்காலம் | ஞாயிறு, மாலை 5.50

இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. மருந்துச்சீட்டு அக்கா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

என் தங்கைக்குப் பதினான்கு வயதில் ஆரம்பித்தது. "ரப்பர் கருகுற வாசம் வருதுண்ணே" என்பாள். எங்கள் யாருக்கும் வராது. அப்புறம் ஒரு பக்கமாக வெறித்துக்கொண்டு நிற்பாள், வாய் ஏதோ முணுமுணுக்கும். ஒரு நாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் விழுந்து துடித்தாள். அப்பத்தா உட்பட எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பேயோட்டுகிற ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனோம். ஊர் பெயரெல்லாம் வேண்டாம். மூன்று மாதம் வாரம் தவறாமல் போனோம். முடியைப் பிடித்துச் சுழற்றினார்கள், வேப்பிலையால் அடித்தார்கள், "யாரு நீ, பேரைச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தங்கை தன்னுடைய பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பொய் சொல்லுது என்று மறுபடி அடித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குப் பதினேழு வயது. கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம், செய்யவில்லை.

கடைசியில் அவளுடைய பள்ளிக்கூட டீச்சர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை போட்டு, அரசு ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிப்போனார். தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்தார்கள். வலிப்பு. காலையும் இரவும் மாத்திரை. முழுசாக நிற்க ஒன்றரை வருடம் ஆனது. இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள், தையல் கடை வைத்திருக்கிறாள்.

இந்தப் படத்தை டிவியில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ரோசா வருகிற இடத்தில் வந்து நின்று பார்த்தாள். அந்தப் பாதிரியார்கள் கண்ணில் டார்ச் அடித்து, நாடித்துடிப்பு பார்க்கிற கருவியெல்லாம் மாட்டுவார்கள் அல்லவா? "இவ்வளவு மிஷின் வச்சிருக்காங்களே, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்னு ஒருத்தருக்கும் தெரியலையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மருந்துச்சீட்டு | ஞாயிறு, இரவு 7.15

தம்பி, உங்களுக்கு அப்போது பதினேழு வயது. பெரியவர்கள் அத்தனை பேர் நிற்கும்போது அந்த வயதில் யாராலும் கையைப் பிடித்திருக்க முடியாது. அந்த டீச்சரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தங்கை கேட்டது நூற்றுக்கு நூறு சரி. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும், கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்த வேண்டும், மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவி இரும்பு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. பேயோட்டும் காட்சிகளில் நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறார்களே, அப்படிப் பிடித்தால் தோள் மூட்டு கழன்று போகலாம்.

ஏர்வாடியை நாம் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். மனநோய் குணமாகும் என்று குடும்பங்கள் நம்பிக் கொண்டுவந்து விட்டவர்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. திரையில் கட்டிலோடு கட்டுகிற கயிற்றைப் பார்த்தால் எனக்கு அந்தச் சங்கிலிதான் தெரிகிறது.

இரவுக்காட்சி | ஞாயிறு, இரவு 9.45

மழைக்காலம், எழுதியதற்கு நன்றி. உங்கள் பதிவை நாலு முறை படித்தேன். நான் படத்தைப் பற்றி எழுதினேன், நீங்கள் அதற்குள் இல்லாத பெண்ணைப் பற்றி எழுதிவிட்டீர்கள்.

ஜெர்மனியில் நடந்ததையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அன்னலீஸே மிஷெல், பவேரியாவில் கிளிங்கன்பெர்க் என்ற சிற்றூர். பள்ளிக்கூட வயதிலேயே வலிப்பு வந்தது, மாத்திரையும் சாப்பிட்டாள். ஆசிரியை ஆகப் படித்துக்கொண்டிருந்தாள். அரக்க முகங்கள் தெரிகின்றன, குரல்கள் கேட்கின்றன என்றாள். 1975 செப்டம்பரில் ஆயரின் அனுமதியோடு சடங்கு தொடங்கியது. தென்கரை சொன்ன அனுமதி இங்கே முறைப்படி கிடைத்திருந்தது. பத்து மாதத்தில் 67 முறை பேயோட்டினார்கள். கடைசிக் காலத்தில் அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள், யாரும் டாக்டரைக் கூப்பிடவில்லை. 1976 ஜூலை 1-ஆம் தேதி இறந்தபோது வயது 23, எடை சுமார் 31 கிலோ. 1978-இல் பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆறு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

அந்தச் சடங்குகளின் ஒலிநாடாக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. "உண்மையான பேய்க்குரல்" என்று தலைப்பு வைத்துப் போடுகிறார்கள். நானும் கல்லூரி நாட்களில் விளக்கை அணைத்துவிட்டு நண்பர்களோடு கேட்டிருக்கிறேன். பட்டினியில் கிடந்த ஒரு பெண்ணின் தொண்டை அது. இனி கேட்க மாட்டேன்.

இந்தச் சம்பவத்தை வைத்து இரண்டு படங்கள் முக்கியமானவை. 2005-இல் வந்த தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ் அமெரிக்காவுக்குக் கதையை மாற்றி, நீதிமன்ற வாதமாகச் சொல்கிறது. மறு வருடம் ஜெர்மனியிலேயே ஹான்ஸ் கிறிஸ்டியான் ஷ்மிட் எடுத்தது ரெக்வியம். இதில் நடித்த சாண்ட்ரா ஹ்யூல்லருக்குப் பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. கடைசிவரிசை, நீங்கள் இதைப் பார்த்திருக்கிறீர்களா?

தென்கரை | ஞாயிறு, இரவு 10.30

ஆயர் அனுமதி என்ற ஒரு வரியை நான் ஒரு பாதுகாப்பு வேலி போல எழுதியிருந்தேன். அன்னலீஸேவுக்கு அந்த வேலி இருந்தும் பயன்படவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம்பிக்கை உள்ளவனாக இதைச் சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்கிறேன்.

கடைசிவரிசை | செவ்வாய், இரவு 11.35

இரவுக்காட்சி, நேற்றும் இன்றும் உட்கார்ந்து ரெக்வியம் பார்த்து முடித்தேன்.

அதில் கண் வெள்ளையாக மாறவில்லை, குரல் மாற்றம் இல்லை, யாரும் சுவரில் ஏறவில்லை. மிகாயெலா என்ற பெண் வீட்டை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். முதல் முறையாகத் தனி அறை. தோழி கிடைக்கிறாள், ஒருவனோடு ஆடுகிறாள். ஜெபமாலையைத் தொட நீட்டுகிற கை நடுவழியில் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் காட்டுகிறார்கள். அம்மா பாசமே காட்ட மாட்டாள், அப்பா அவ்வளவு பாசக்காரர். இரண்டு பேரும் சேர்ந்தேதான் அவளை அந்தச் சடங்குக்கு ஒப்புக்கொடுக்கிறார்கள். பிடித்தவள் யார் என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்று நீங்கள் முதல் பதிவில் கேட்டதை, படம் முழுக்க நான் அனுபவித்தேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தப் படமும் காரில்தான் முடிகிறது. தோழி அவளை வெளியே கூட்டிப்போகிறாள், திரும்பி வருகிறார்கள், கார் ஜன்னல் பக்கம் அவளுடைய முகம். மோதல் கிடையாது. அப்புறம் திரையில் எழுத்து வருகிறது. எந்த முகவரியும் இல்லை. பல முறை பேயோட்டியதற்குப் பிறகு அவள் பெற்றோர் வீட்டிலேயே உடல் சோர்ந்து இறந்துபோனாள் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

எழுந்துபோய் விளக்கைப் போட எனக்குக் கொஞ்ச நேரமானது.